புதைப்பதற்கு முன் மூளையை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திமிங்கலமோ ஓங்கிலோ (டால்பின்) கடற்பசுவோ கரை ஒதுங்கியது என்ற செய்தி தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. எத்தனை அடி நீளம், எத்தனை டன் எடை, எவ்வளவு கூட்டம் கூடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்: 'கால்நடை மருத்துவர் பரிசோதித்த பின் பொக்லைன் மூலம் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது.' அந்தப் பரிசோதனையில் எது நடக்க வேண்டும், எது பல இடங்களில் விடுபட்டுப் போகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

விடுபடுவது தலை. வயிற்றைத் திறக்கிறார்கள், இரைப்பையைப் பார்க்கிறார்கள், நெகிழிப் பையோ வலைத்துண்டோ புழுவோ இருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். கல்லீரலிலும் தோலிலும் ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டு, கூட்டத்தையும் நாற்றத்தையும் இருட்டப்போகும் வானத்தையும் பார்த்து உடலைக் குழிக்குள் தள்ளச் சொல்லிவிடுகிறார்கள். மண்டை திறக்கப்படாமலே போகிறது. கடல் பாலூட்டிகளைக் கொல்லும் தொற்றுகளில் பல, தங்கள் தடயத்தை விட்டுவைக்கும் இடமே மூளைதான். ஆகவே அந்தக் குழிக்குள் நாம் தள்ளுவது உடலை மட்டுமன்று, அது ஏன் செத்தது என்ற விடையையும் சேர்த்துத்தான்.

முதலில் மார்பிலி வைரஸ். பெயர் புதிதாகத் தோன்றலாம், குடும்பம் நமக்குத் தெரிந்ததுதான். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி, ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்து 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட வெக்கை நோய் எல்லாமே இந்தக் குடும்பத்து வைரஸ்களால் வருபவை. கடலில் இதன் கிளைகள் ஓங்கில்களையும் திமிங்கலங்களையும் கடல்நாய்களையும் தாக்குகின்றன. 1988இலும் 2002இலும் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில் தொடங்கி, வடகடல் நெடுக கடல்நாய்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தன. 1990 கோடையில் ஸ்பெயினின் வலென்சியா கரையில் வரி ஓங்கில்கள் ஒதுங்கத் தொடங்கின. 1992க்குள் அந்தச் சாவு மத்தியதரைக் கடலைக் கடந்து ஏஜியன் கடல்வரை போயிற்று. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 2013 முதல் 2015 வரை ஒதுங்கிய ஓங்கில்கள் 1,600க்கும் மேல்.

இது மூச்சுக் காற்றில் பரவும் நோய். ஓங்கில் கூட்டம் ஒன்றாக மேலே வந்து ஒன்றாக மூச்சு விடும். ஒன்று வெளியே விட்ட துளிகளைப் பக்கத்தில் இருப்பது உள்ளே இழுக்கும். நுரையீரலில் இறங்கும் வைரஸ் நிணநீர்க் கணுக்களையும் மண்ணீரலையும் காலி செய்து உடலின் தற்காப்பைக் குலைக்கும். அதன்பின் பாக்டீரியாவோ ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையோ புகுந்து கதையை முடிக்கும். நுரையீரலில் பூஞ்சைக் கட்டியைப் பார்த்துவிட்டு 'பூஞ்சையால் இறந்தது' என்று எழுதினால் அது பாதி உண்மைதான். நுண்ணோக்கியில் பல உட்கருக்கள் ஒன்றாய்க் குவிந்த பெரிய செல்களும், செல்லுக்குள்ளும் உட்கருவுக்குள்ளும் இளஞ்சிவப்பாய்த் தெரியும் திட்டுகளும் இருக்கின்றனவா என்று தேடினால்தான் வாசலைத் திறந்துவிட்டது யார் என்று தெரியும். இன்னொரு வடிவமும் உண்டு. கொள்ளைநோய் ஓய்ந்து ஆண்டுகள் கழித்து, நுரையீரலில் எதுவும் இல்லாமல் மூளையில் மட்டும் வைரஸ் தங்கிய வரி ஓங்கில்கள் மத்தியதரைக் கடலில் ஒதுங்கின. தலையைத் திறக்காதவர்களுக்கு அவை 'காரணம் தெரியாத சாவு' ஆகவே இருந்திருக்கும்.

நம் கரைக்கு இதில் நேரடியான அக்கறை இருக்கிறது. 1973 ஜனவரியில் திருச்செந்தூர் - மணப்பாடு கரையில், ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கலங்கள் 147 ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கி 45 மாண்டன. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் சுமார் 120 ஒதுங்கி, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் நின்று திருப்பி அனுப்பினார்கள். இந்த பைலட் திமிங்கல இனங்கள் மார்பிலி வைரஸைக் கூட்டத்துக்குள்ளேயே சுமந்து, தூரம் தூரமாய்ப் போய் மற்ற இனங்களுக்குக் கொடுக்கக்கூடியவை என்று அட்லாண்டிக்கில் செய்த ரத்தப் பரிசோதனைகள் காட்டின. 2006-07இல் ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கம் பைலட் திமிங்கலங்களே இதனால் செத்தன. மணப்பாட்டுச் சம்பவங்களுக்கு வைரஸ்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பைலட் திமிங்கலம் ஒதுங்கினால் மூளை, நுரையீரல், நிணநீர்க் கணு மூன்றையும் எடுக்காமல் புதைக்கவே கூடாது என்கிறோம்.

ஒரே ஒரு உடல் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஹவாயைப் பார்க்கலாம். 2018இல் மாவி தீவில் ஒரு ஃப்ரேசர் ஓங்கில் தனியாக ஒதுங்கியது. கூட்டச் சாவு எதுவும் அப்போது இல்லை. முறையாக உறுப்புகளை எடுத்து வைத்திருந்ததால், அதுவரை யாரும் அறியாத ஒரு மார்பிலி வைரஸ் வகை அதில் கண்டறியப்பட்டது. ஃப்ரேசர் ஓங்கில் இந்தியப் பெருங்கடலிலும் வாழ்கிறது.

அடுத்தது பறவைக் காய்ச்சல். எச்5என்1 வைரஸ் 2022 இறுதியில் பெருவின் கரையில் கூழைக்கடாக்களைக் கொன்றது. 2023 தொடக்கத்தில் அதே கரையில் கடற்சிங்கங்கள் வலிப்பும் நடுக்கமும் கண்டு ஆயிரக்கணக்கில் மடிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைக் கடல்நாய்க் குட்டிகள் சுமார் 17,000 செத்தன. அந்தப் பருவத்தில் பிறந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல். அழுகிய பறவையைத் தின்று ஒன்றிரண்டு சாவது வேறு. இப்படி ஒரு தலைமுறையே அழிவது, வைரஸ் விலங்கிலிருந்து விலங்குக்கே பரவத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

ஓங்கில்களிலும் இது வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் ஒரு கால்வாய்ச் சுவருக்கும் படகுத்துறைத் தூணுக்கும் நடுவே சிக்கிக்கிடந்த ஓங்கில் ஒன்று செத்தது. சுவரில் மாட்டி இறந்தது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மூளையைப் பரிசோதித்ததால் எச்5என்1 என்று தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் சுவீடனில் ஒதுங்கிய, ஓங்கிலைப் போன்ற சிறு விலங்கான போர்ப்பாய்ஸ் ஒன்றிலும் மூளை அழற்சியின் பின்னால் இதே வைரஸ்தான் இருந்தது. இரண்டிலும் தலையைத் திறந்ததால்தான் விடை கிடைத்தது. கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இதனால் ஒரு வேண்டுகோள்: ஓங்கில் ஒதுங்கிய அதே கரையில் ஆலாக்களோ கடற்காகங்களோ செத்துக் கிடந்தால், அதையும் குறித்து, படம் எடுத்து, வருகிற மருத்துவரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். பறவையைக் கையால் தூக்க வேண்டாம்.

புருசெல்லா என்ற பாக்டீரியாவை மாட்டு மருத்துவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கன்று வீச்சு என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். கடல் பாலூட்டிகளுக்கென்று தனி இனங்கள் உண்டு என்பது 1994இல்தான் வெளியே தெரிந்தது. ஓங்கில்களில் அது கருச்சிதைவையும் விரை வீக்கத்தையும் உண்டாக்கும். குறிப்பாக வரி ஓங்கில்களில் மூளை உறைக்குப் போய்த் தங்கும். கோஸ்டாரிகாவின் கரையில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, நேராக நீந்த முடியாமல் உயிருடன் வந்து சேர்ந்த வரி ஓங்கில்களின் மூளையிலும் தண்டுவட நீரிலும் இந்த பாக்டீரியா இருந்தது. மனிதருக்கும் தொற்றும். பெருவில் இருவருக்கு மூளையிலும், நியூசிலாந்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் கடல்வகை புருசெல்லா கண்டறியப்பட்டது. பிரிட்டனில் ஆய்வகப் பணியாளர் ஒருவருக்கே தொற்றியது. ஆகவே ஆய்வகத்துக்கு அனுப்பும் பெட்டியின் மேல் 'புருசெல்லா சந்தேகம்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெட்டியைத் திறக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி நிலத்திலிருந்து கடலுக்குப் போவது. பூனைக் குடும்பத்தின் குடலில்தான் அது முட்டை இடும். பூனை மலத்தில் வெளிவரும் முட்டைகள் மழைநீரோடு கடலில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கலிபோர்னியாவின் கடல் நீர்நாய்களையும் ஹவாயின் துறவிக் கடல்நாய்களையும் அது கொல்கிறது. நம் கடற்பசுவின் நெருங்கிய உறவான மனாட்டிகளும் புவேர்ட்டோ ரிக்கோவில் இதனால் செத்திருக்கின்றன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென 2022இல் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கரையிலுள்ள மீன் இறங்குதளங்களில் கழிவைத் தின்று பெருகும் பூனைகளை எண்ணிப் பார்த்தால், செத்து ஒதுங்கும் ஒவ்வொரு கடற்பசுவின் மூளையையும் பார்க்க வேண்டியது ஏன் என்று புரியும். இவற்றோடு நாசிட்ரீமா என்ற தட்டைப் புழு. மண்டைக்குள் இருக்கும் காற்றறைகளிலும் காதைச் சுற்றியும் வாழும். சிலவற்றில் நரம்பையும் மூளையையும் துளைத்துப் போகும். ஒலியால் வழி பார்க்கும் விலங்குக்குக் காது போனால் கண் போனது போல.

புழுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரைப்பையில் அனிசாகிஸ் புழுக்கள் கொத்தாக இருப்பதும், நுரையீரல் குழாய்களில் வெள்ளை நூல்போலப் புழுக்கள் கிடப்பதும் ஆரோக்கியமாக வாழ்ந்த ஓங்கிலிலும் காணக்கூடியவை. முதலில் கண்ணில் பட்ட புழுவோடோ, முதலில் கையில் வந்த நெகிழிப் பையோடோ தேடலை நிறுத்துவதுதான் இந்த வேலையில் நேரும் மிகப் பெரிய தவறு என்று உறுதியாகச் சொல்வோம்.

இனி எப்படி எடுப்பது என்று பார்ப்போம். மாட்டையும் ஆட்டையும் திறந்து பழகிய கைக்கு இது எட்டாத வேலையே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவை முதல் பட்டியலில் உள்ள விலங்குகள். ஆகவே வனத்துறை அலுவலர் முன்னிலையில், அவர்கள் அனுமதியோடு கால்நடை மருத்துவர்தான் தொட வேண்டும். ஊர்மக்கள் பல்லையோ எலும்பையோ எடுப்பதும், திமிங்கலக் குடலில் உருவாகும் அம்பருக்காக வயிற்றைக் கிழிப்பதும் குற்றம். அதைவிட, அப்படிக் கிழிக்கப்பட்ட உடலில் நோய் தேடுவதே முடியாத காரியமாகிவிடும்.

கத்தியை எடுக்கும் முன் படமும் அளவும். நீளத்தை உடலின் வளைவைத் தொட்டு அளக்கக் கூடாது. மேல் தாடை நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை, உடலுக்கு இணையாகத் தரையில் நாடாவைப் பிடித்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். பிறப்புறுப்புப் பிளவும் மலத்துளையும் இடைவெளி விட்டு இருந்தால் ஆண். ஒரே நீண்ட பிளவாகச் சேர்ந்து, இரு பக்கமும் சிறு பால்மடிப் பிளவுகள் இருந்தால் பெண். உடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ஐந்து படிகளில் குறிப்பது உலக வழக்கம்: 1 உயிருடன், 2 புதிதாக இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 முழுக்க அழுகியது, 5 எலும்பும் காய்ந்த தோலும். தோலடிக் கொழுப்பு போர்வைபோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால், வெளியே பளபளவென்று தெரியும் உடல் உள்ளே வெந்துபோயிருக்கும். நம் வெயிலில் ஒரே பகலில் 2 என்பது 3 ஆகிவிடும். காலையில் தகவல் வந்தால் மாலைக்கு ஒத்திப் போடக் கூடாது என்பது இதனால்தான். பெரிய திமிங்கலத்தின் வயிறு உப்பியிருந்தால் மேலே ஏறவே கூடாது. காற்று வரும் பக்கம் நின்று, நீண்ட கத்தியால் விலாப்பக்கம் சிறிதாய்க் குத்தி வாயுவை மெல்ல வெளியேற விட்டபின் திறக்க வேண்டும்.

பஞ்சுக்குச்சியால் மூச்சுத்துளை, பிறப்புறுப்பு, மலத்துளை ஆகிய இடங்களில் துடைத்து, வைரஸ் கடத்து திரவத்தில் இட்டு வைக்கவும். அடுத்து தலை. குடலைக் கடைசியில்தான் தொட வேண்டும். அது முதலில் உடைந்தால் அதன் பாக்டீரியா எல்லா உறுப்பிலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மீட்டர் ஓங்கிலில், மூச்சுத்துளைக்குக் கையகலம் பின்னால் தோலையும் கொழுப்பையும் குறுக்காக எலும்பு வரை வெட்டுங்கள். தலையை மேலும் கீழும் ஆட்டினால் மூட்டு எங்கே என்று விரலுக்குப் படும். மூட்டை மூடிய சவ்வு தெரிந்ததும் கத்தியை நிறுத்துங்கள். சவ்வை வெட்டும் முன், 18 எண் நீள ஊசியைக் குத்தி, கிடைக்கிற தண்டுவட நீரை உறிஞ்சுங்கள். 2 முதல் 5 மில்லி போதும். அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் அதுவே ஒரு செய்தி, குறித்து வையுங்கள். அதன் பிறகு தண்டுவடத்தை வெட்டி, பிடரி எலும்பின் இரு குமிழ்களையும் சுற்றி விட்டால் தலை தனியாக வந்துவிடும்.

ரம்பம் இருந்தால், மண்டையின் பின்பக்கத் தசையைச் சுத்தமாக நீக்கிவிட்டு, ஒரு குமிழின் வெளியோரத்தில் தொடங்கி உச்சி வழியாக மறு குமிழ் வரை தொப்பிபோல் அறுங்கள். ஓங்கிலின் மூளை மண்டையின் பின்கோடியில், அகலமாக உட்கார்ந்திருக்கும். நாயில், ஆட்டில் தேடுகிற இடத்தில் தேடக் கூடாது. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கத்திபோல் ஒரு எலும்புத் தட்டு நிற்கும். அது தெரியாமல் இழுத்தால் மூளை அதிலேயே இரண்டாகக் கிழியும். உறையை அந்தத் தட்டின் ஓரமாக வெட்டி விட்டு, தலையைக் கவிழ்த்து, நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தால் தன் எடையிலேயே மூளை கையில் இறங்கும்.

ரம்பம் இல்லையென்றால்? இதுதான் இந்தக் கடிதத்தில் நாங்கள் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. ரம்பம் இல்லை என்பது மூளையை விட்டுவிடுவதற்குக் காரணமே ஆகாது. தலையைத் துண்டித்தால் தண்டுவடம் உள்ளே நுழையும் துளை திறந்தே இருக்கும். நீண்ட காம்புள்ள சுத்தமான எவர்சில்வர் கரண்டியை அதன் வழியே விட்டு மூளைத்தண்டையும் சிறுமூளையையும் வழித்து எடுக்கலாம். பத்து நிமிட வேலை. பெருந்திமிங்கலத்திலும் இதே வழிதான். கரண்டிக் காம்புதான் நீளமாக வேண்டும். மூளை கூழாகிவிட்டாலும் விடாதீர்கள். திசு அமைப்பைப் பார்க்க அது உதவாது என்றாலும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குக் கூழும் போதும்.

எடுத்ததை எப்படி வைப்பது என்பதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது. ஒரே பொருளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒன்று ஃபார்மலினில், மற்றொன்று குளிரில். ஃபார்மலினில் போட்டதில் பாக்டீரியாவை வளர்க்க முடியாது. உறைய வைத்ததை நுண்ணோக்கியில் வாசிக்க முடியாது. ஒரு லிட்டர் தயாரிக்க, கடையில் கிடைக்கும் 37-40 சதவீத ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, அத்துடன் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். திசுவின் அளவுக்குப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். துண்டுகள் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. கனமாக இருந்தால் வெளிப்பக்கம் பதப்பட்டு நடுப்பக்கம் அழுகும். மூளை மட்டும் விதிவிலக்கு: பாதியை முழுதாகவே போட்டு, ஓரிரு வாரம் இறுகவிட்டுப் பிறகு அறுக்க வேண்டும். ஓங்கிலின் மூளை ஒன்றரைக் கிலோ இருக்கும். பாதிக்கே ஏழரை லிட்டர் ஆகும். ஆகவே மூடியுள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் திணிக்காதீர்கள். மென்மையாக உள்ளே போகும், கல்போல் இறுகி வெளியே வராது.

குளிருக்கு நம் கரையில் பஞ்சமில்லை. மீன் இறங்குதளத்தில் ஐஸ் இருக்கிறது, தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. விரல் நுனியளவு துண்டுகளாக மூளை, நுரையீரல், நுரையீரல் பக்கத்து நிணநீர்க் கணு, மண்ணீரல், சிறுநீரகம், கருப்பை அல்லது விரை, கருவுற்றிருந்தால் நஞ்சுக்கொடி ஆகியவற்றைத் தனித்தனிப் பையில் இட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் இட்டு மூடி, ஐஸில் புதையுங்கள். ஒற்றைப் பை என்றால் உருகிய நீர் புகுந்து எல்லாம் ஒன்றாகிவிடும். உறுப்புக்கு உறுப்பு கத்தியைக் கழுவி, ஸ்பிரிட்டில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். ஓரிரு நாளில் ஆய்வகத்துக்குப் போய்விடுமென்றால் ஐஸே போதும். தாமதமாகுமென்றால் மைனஸ் 80 பாகைக்கு மாற்ற வேண்டும். அலுவலகத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மின்சாரம் போய்ப் போய் வந்து உருகி உறைந்தால் வைரஸ் சிதைந்துவிடும். அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஃபார்மலினில் கரைந்து, எந்த உறுப்பு, எந்தக் கரை, எந்த நாள் என்பது தெரியாத வெற்றுக் காகிதம்தான் மிஞ்சும்.

செய்பவர் பாதுகாப்பு: முகத்தில் என்95 முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை, ரப்பர் பூட்ஸ். எலும்பை அறுக்கும்போது தூள் பறக்கும். ரம்பத்தை ஈரத்துணியால் மூடியபடி அறுங்கள். கருவுற்ற பெண்கள் அருகில் இருக்கவே வேண்டாம். புருசெல்லாவும் டாக்ஸோபிளாஸ்மாவும் கருவைத் தாக்கக்கூடியவை. கையில் வெட்டுப்பட்டு, சில நாளில் அந்த இடம் ஊதா நிறமாக வீங்கி வலித்தால் அது எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம், பெனிசிலினில் கேட்கும். ஆனால் 'ஓங்கிலைத் தொட்டேன்' என்று மருத்துவரிடம் சொன்னால்தான் அவருக்கு அது தோன்றும்.

உயிரோடு ஒதுங்கியது என்றால் அதை அணுகும் முறையே வேறு. ஒன்றாக நூறு பைலட் திமிங்கலங்கள் வரும்போது, அவற்றில் பெரும்பாலானவை நோயில்லாமல், கூட்டத்தை விட்டுப் பிரிய மனமின்றி வந்தவையாக இருக்கலாம்; ஆழத்துக்குத் திருப்பி அனுப்பப் பாடுபடுவது சரி. தனியாக வந்து, மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் ஒற்றை ஓங்கில் பெரும்பாலும் நோயாளி. அதைக் கடலுக்குள் தள்ளுவது மனமிரங்கிச் செய்வதாகத் தோன்றும், எங்களுக்கும் அந்த மனது புரிகிறது. ஆனால் அது மறுபடி வேறு கரையில் ஒதுங்கும். இடையில் தன் கூட்டத்தோடு சேர்ந்தால் மூச்சில் இருப்பதை அவற்றுக்கும் கொடுக்கும். மருத்துவர் வரும்வரை செய்ய வேண்டியது: நிழல் கட்டுங்கள், ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளையை மட்டும் திறந்து விடுங்கள். அதற்குள் ஒரு குவளை நீர் போனாலும் நுரையீரல் அழற்சி வந்து சாகும். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி நீர் நிரப்பினால் பாரமும் சூடும் குறையும். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுத்துளைக்கு நேர் மேலே குனிந்து படம் எடுக்காதீர்கள். அது விடும் மூச்சு உங்கள் முகத்தில்தான் விழும். வனத்துறையின் எண் கையில் இல்லையென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093ஐ அழைக்கலாம்.

2021 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், கரை ஒதுங்கும் பெரிய கடல் விலங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. காகிதத்தில் இருப்பது கரைக்கு வர, கடலோர மாவட்டங்களில் தாலுகாவுக்கு ஒரு கால்நடை மருந்தகத்திலாவது ஒரு பெட்டி வேண்டும்: மூடியுள்ள வாளி இரண்டு, அகன்ற வாய் டப்பாக்கள் பத்து, ஃபார்மலின், எலும்பு ரம்பம், நீண்ட கரண்டி, நீள ஊசிகள், பைகள், பஞ்சுக்குச்சிகள், முகக்கவசங்கள், ஒரு பென்சில். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்கெனவே இருக்கும் பொருள்களே இவற்றில் பாதி. உடலைப் புதைக்க வனத்துறை தரும் அனுமதிப் படிவத்தில் 'மூளை எடுக்கப்பட்டதா, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தால், பொக்லைன் அதற்கு முன் இயங்காது.

தங்களிடமும் ஒன்று கேட்கிறோம், ஆசிரியர் அவர்களே. அடுத்த முறை தங்கள் செய்தியாளர் கரைக்குப் போகும்போது, நீளத்தையும் எடையையும் கேட்பதோடு இந்த இரண்டையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: தலையைத் திறந்தார்களா? ஆய்வக முடிவு எப்போது வரும்? முடிவு வரும் தேதியில் மறுபடி தொலைபேசியில் கேட்டு, நாலு வரியானாலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கடல் பாலூட்டிகளின் நோயியலில் ஈடுபட்டுள்ள கால்நடை மருத்துவர்கள்,
தூத்துக்குடி.